கல்லீரல் செல்லின் கருவூலம்

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றும் அரபிக் கல்லூரியின் விடுதியில் தங்கி ஓதிக்கொண்டிருந்த பத்தொன்பது வயது மாணவர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. தேர்வு நெருங்கிய நேரம். ஊருக்குச் செல்ல அவருக்கு மனமில்லை. விடுதி மருந்துப் பெட்டியில் இருந்த 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரைகளை இரண்டிரண்டாக, நாளொன்றுக்கு நான்கு வேளை விழுங்கினார். வலி அடங்கவில்லை. கடைத்தெருவில் ‘பல்வலி மாத்திரை’ என்று கேட்டு வாங்கி அதனையும் இடையிடையே ஐந்தாறு முறை சேர்த்துக்கொண்டார். அந்த மாத்திரைக்குள்ளும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்ததை அவர் அறியார். விடுதியைக் கவனித்துவந்த நாமும் அறியோம். மூன்று நாள்கள் உணவும் சரிவர இறங்கவில்லை. நான்காம் நாள் ஓயாத வாந்தி. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது, 40 என்ற அளவையொட்டி இருக்க வேண்டிய கல்லீரல் நொதி 2,000-ஐத் தாண்டியிருந்தது.

மருத்துவர் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஹஜ்ரத், என்ன மாத்திரை, எத்தனை, கடைசியாக எத்தனை மணிக்கு? இதை மட்டும் சரியாக விசாரித்துச் சொல்லுங்கள்.” விசாரித்துச் சொன்னோம். நரம்பின் வழியே ஒரு மருந்து ஏறத் தொடங்கியது.

அன்று மாலைக்குள் வார்டு வாசலில் உறவினர் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாணவரின் தாய்மாமா கீழாநெல்லிச் சாறு கொண்டுவந்திருந்தார். அத்தாவின் நண்பர் ஒருவர் கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டியை நீட்டினார். சவூதியில் இருந்து விடுப்பில் வந்திருந்த உறவினர் ஒருவரோ, ‘ஆன்ட்டிஆக்சிடன்ட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட மாத்திரைக் குப்பியைக் கொடுத்தார். மூவரும் அன்பினால்தான் வந்தனர், மூவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “இது ஈரலைக் காக்கும்.” உள்ளே ஏறிக்கொண்டிருந்த மருந்தைப் பற்றி மருத்துவரும் அதையேதான் சொல்லியிருந்தார். ஈரலைக் காப்பதென்றால் என்ன? எதனிடமிருந்து காப்பது? நான்கும் ஒரே வகைக் காப்புத்தானா? அன்றிரவு எழுந்த அக்கேள்வியின் பின்னே சென்று நாம் படித்தறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

அரபியில் கல்லீரலுக்குக் ‘கபித்’ என்று பெயர். அதே மூல எழுத்துகளிலிருந்து பிறந்த ‘கபத்’ என்னும் சொல் இன்னலையும் கடும் உழைப்பையும் குறிக்கும். ‘அல்பலத்’ அத்தியாயத்தை ஓதுவோர் அச்சொல்லை அறிவர். பெற்ற பிள்ளையை ‘என் ஈரல் துண்டு’ என்று கொஞ்சுவது அரபியர் வழக்கு. நம் தாய்மார்களும் அச்சம் வந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்றுதான் சொல்கின்றனர். உடலின் நடுவே வலப்புறம் விலா எலும்புகளின் அடியில் ஒதுங்கியிருக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்புக்கு உழைப்பின் பெயர் வாய்த்தது பொருத்தமே. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் இதன் வழியே செல்கிறது. அதில் முக்கால் பங்கு இதயத்திலிருந்து நேராக வருவதன்று. குடலைச் சுற்றிவிட்டு, செரித்த உணவையும் விழுங்கிய மருந்தையும் சுமந்துகொண்டு வருவது. இப்னு ஸீனா (980–1037), கிரேக்க அறிஞர் காலனைப் பின்பற்றி, இரத்தமே கல்லீரலில்தான் உற்பத்தியாகிறது என்று கருதினார். ஹார்வி 1628-இல் இரத்த ஓட்டத்தை விளக்கிய பின்னர் அந்தப் பழைய உடலியல் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. ஆனால் உண்டதெல்லாம் முதலில் கல்லீரலின் வாசலைத்தான் வந்தடைகிறது என்று முன்னோர் கண்டது இன்றும் பிழையாகவில்லை.

வந்த பொருள்களைப் பிரித்து, மாற்றி, நஞ்சாயின் முறித்து அனுப்பும் இவ்வேலைக்கு ஆற்றல் மிகுதியாக வேண்டும். ஆதலால் ஒரு கல்லீரல் செல்லுக்குள் ஆயிரம், இரண்டாயிரம் என்னும் எண்ணிக்கையில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகள் எரிகின்றன. அவ்வடுப்புகளின் எரிபொருள் உணவு, எரிப்பது ஆக்சிஜன். அடுப்பு எரிந்தால் பொறி பறக்கத்தானே செய்யும்? ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று நான்கு எலக்ட்ரான்களை முழுமையாகப் பெற்றால் தீங்கற்ற நீராகிவிடும். வழியில் கசிந்த ஒற்றை எலக்ட்ரானை மட்டும் பெற்றால் ‘சூப்பர் ஆக்சைடு’ ஆகும். இணையற்ற எலக்ட்ரானைச் சுமந்து அலையும் இத்தகைய மூலக்கூறுகளையே ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்கின்றனர். தனக்கு இல்லாத இணையை அருகிலுள்ள எதனிடமிருந்தும் பறித்துக்கொள்வது இவற்றின் இயல்பு. பறிகொடுத்தது தானும் பறிக்கப் புறப்படும்.

சூப்பர் ஆக்சைடை முறிப்பதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதை, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் கண்டறிந்து வெளியிட்டனர். காவலர் இருக்கிறார் என்றால் கள்வரும் இருக்க வேண்டும் அல்லவா? உயிருள்ள செல்லுக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் இயல்பாகவே தோன்றுகின்றன என்பதை அறிவியல் உலகம் பரவலாக ஏற்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். இந்நொதி சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதனை வேறு நொதிகள் நீராக்கிவிடும். அவ்வாறு ஆக்குமுன் அது கட்டவிழ்ந்த இரும்பைச் சந்தித்துவிட்டால், ராடிக்கல்களிலேயே மிகக் கொடிதான ஹைட்ராக்சில் பிறக்கும். அது செல்லின் கொழுப்புச் சவ்வைத் தொட்டால் ஒரு கொழுப்பு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகச் சேதம் பரவும். நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை எழுகிறதே, அதே வேதிவினைதான் இங்கே உயிருள்ள சவ்வில் நிகழ்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இப்பொறிகள் முழுவதும் பகையல்ல. சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடைச் செல் தன் உள்விவகாரங்களுக்குச் செய்தி அனுப்பும் தூதாகவே பயன்படுத்துகிறது. கிருமிகளைக் கொல்லும் வெள்ளணுக்களின் ஆயுதமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே நோய் என்பது பொறி உண்டாவதில் இல்லை. தோன்றுவதற்கும் தணிப்பதற்கும் இடையிலுள்ள சமன் குலைவதில்தான் இருக்கிறது. ஜெர்மானிய உயிர்வேதியியல் அறிஞர் ஹெல்முட் சீஸ் 1985-இல் இக்குலைவுக்கு ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று இலக்கணம் வகுத்துக் கொடுத்தார். சமன் என்ற சொல்லை அவர் வைத்தார். மருந்து விற்பவர்கள் அதனை எடுத்துவிட்டு, பகை என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். இக்கட்டுரையில் நாம் தீர்க்க விரும்பும் குழப்பங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

சமனைக் காக்கும் பொருள்களுள் தலையாயது குளூட்டாதயோன். குளூட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு மூலக்கூறு. வெளியிலிருந்து வருவதன்று, செல் தானே செய்துகொள்வது. உடலின் எந்த உறுப்பைக் காட்டிலும் கல்லீரலில் இதன் இருப்பு மிகுதி. பெராக்சைடை நீராக்கும் நொதிக்கு எலக்ட்ரான் வழங்குவதும் இதுவே. நஞ்சுடன் தன்னைத் தானே பிணைத்துக்கொண்டு அதனைக் கரைத்து வெளியேற்றுவதும் இதுவே. பழைய அரசுகளின் பைத்துல் மாலைப் போன்றது என்று கொள்ளலாம். வரவு ஒழுங்காக இருக்கும்வரை எந்தச் செலவும் தாங்கும். வரவைக் காட்டிலும் செலவு விரைந்தால், கருவூலம் காலியாகும் நாள்வரை ஊருக்கு ஒன்றும் தெரியாது.

பாராசிட்டமால் இதனை நன்கு விளக்கும் சான்று. 1950-களின் நடுவில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைக்கு வந்த இம்மாத்திரை, அளவோடு உட்கொண்டால் மிகப் பாதுகாப்பானது. காய்ச்சலுக்கு இதனைக் கொடுப்பதில் தவறில்லை. உண்ட மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் சல்ஃபேட்டுடனும் குளூக்குரோனிக் அமிலத்துடனும் சேர்த்து வெளியேற்றிவிடும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு மட்டும் சைட்டோகுரோம் என்னும் நொதிகளின் கையில் அகப்பட்டு, ‘நாப்கி’ என்று சுருக்கமாக வழங்கப்படும் நஞ்சாகிறது. அது தோன்றிய கணமே குளூட்டாதயோன் அதைப் பிடித்து முடக்கிவிடும். பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்னும் உச்சவரம்புக்குள் இந்தக் கணக்கு ஒழுங்காக நடக்கும்.

வரம்பு மீறினால் நேர்வன வேறு. சல்ஃபேட் வழி நிரம்பிவிடுகிறது. நஞ்சாகும் பங்கு பெருகுகிறது. குளூட்டாதயோன் செலவாகிக்கொண்டே போகிறது. விலங்குச் சோதனைகளில், இருப்பில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கரைந்த பின்னரே செல்கள் சாகத் தொடங்குவதைக் கண்டனர். அதன் பின் நஞ்சுக்குத் தடையில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் அது ஒட்டிக்கொள்கிறது. அடுப்பு கெட்டு, சூப்பர் ஆக்சைடு பெருக்கெடுக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடுடன் கூடிப் பெராக்சிநைட்ரைட் என்னும் இன்னொரு கொடிய பொருளாகிறது. முடிவில் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு துளைபட்டு, செல் ஆற்றலற்று வெடித்துச் சாகிறது. சாகும் செல்லிலிருந்து இரத்தத்தில் கொட்டிய நொதிதான் நம் மாணவரின் சோதனைத் தாளில் 2,000-ஐத் தாண்டியது. இத்தனையும் நடக்கும் முதல் ஒரு நாளில் நோயாளிக்குக் குமட்டலைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாதிருக்கலாம் என்பதுதான் கொடுமை. பட்டினி கிடப்பவரின் கருவூலம் முன்னரே மெலிந்திருக்கும். நாளொன்றுக்கு ஏழு கிராம் அளவுக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, பல்வலியால் உண்ணாமலும் இருந்த அந்த மாணவரின் நிலை இதுவே.

இந்நஞ்சேற்றத்தை முதன்முதலில் 1966-இல் விரித்துரைத்தவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவர்கள். ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதை 1973-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு விளக்கினர். குளூட்டாதயோன் கரைவதே திறவுகோல் என்று காட்டியவர்கள் அவர்களே. அப்படியாயின் குளூட்டாதயோனையே ஊட்டிவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல்: முழு மூலக்கூறாக அது செல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை. செல் தானே அதனைச் செய்துகொள்ளத் தடையாக நிற்பது மூன்று சரக்குகளில் ஒன்றான சிஸ்டீன் பற்றாக்குறை. எனவே சிஸ்டீனைப் பத்திரமாக உள்ளே கொண்டுசேர்க்கும் ஒரு வாகனம் தேவைப்பட்டது. எடின்பரோவின் லாரி பிரெஸ்காட் குழுவினர் முதலில் முயன்ற சிஸ்டியமின் நோயாளிகளுக்குப் பெருங்குமட்டலைத் தந்தது. அடுத்து அவர்கள் கையிலெடுத்தது என்-அசிட்டைல் சிஸ்டீன். நெஞ்சுச் சளியை இளக்குவதற்கு ஏற்கெனவே வழக்கிலிருந்த மருந்து.

1979-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இன்றும் படிப்போரை வியக்கவைக்கும். கடும் நஞ்சேற்றத்துக்கு ஆளானவர்களுள் பத்து மணி நேரத்துக்குள் இம்மருந்து பெற்றோர் 62 பேர். அவர்களில் கல்லீரல் கடுமையாகச் சிதைந்தது ஒரே ஒருவருக்கு. இம்மருந்தின்றி வெறும் துணைச் சிகிச்சை பெற்ற முந்தைய நோயாளிகள் 57 பேரில் 33 பேருக்குச் சிதைந்திருந்தது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறத்தாழ முழுக் காப்பு. அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் பயன் தேய்ந்துகொண்டே போகும். பதினைந்து மணி கடந்தால் பயனே இல்லை என்று அப்போது எண்ணினர். கல்லீரல் செயலிழந்த பின்னரும் இம்மருந்து உயிர் காக்கும் என்பதை லண்டனில் நடந்த ஒரு சோதனை 1991-இல் காட்டியது: மருந்து பெற்ற 25 பேரில் 12 பேர் பிழைத்தனர், பெறாத 25 பேரில் 5 பேர். நான்காம் நாள் வந்த நம் மாணவருக்கு மருத்துவர் அதனைத் தயங்காமல் ஏற்றியதற்கும், மணிக்கணக்கை அவ்வளவு வற்புறுத்திக் கேட்டதற்கும் பின்னே இந்த வரலாறு இருக்கிறது.

இனி, வார்டு வாசலில் நின்ற மற்றக் காப்புகளுக்கு வருவோம்.

ஒரு மூலிகையோ வேதிப்பொருளோ ‘கல்லீரல் செல்களை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காக்கிறது’ என்று ஆய்விதழ்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரு கண்ணாடித் தட்டில் நடந்ததாகும். அத்தட்டில் வளர்பவை அநேகமாக ‘ஹெப்-ஜி-2’ என்னும் செல்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, 1979-இல் அறிவிக்கப்பட்டு, இன்றுவரை உலகெங்கும் பெருகிக்கொண்டிருப்பவை. மனிதச் செல்கள்தாம், ஐயமில்லை. ஆனால் பாராசிட்டமாலை நஞ்சாக்கும் சைட்டோகுரோம் நொதிகள் இவற்றில் மிகக் குறைவு. ஆதலால் ஆய்வாளர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றை நேராகத் தட்டில் ஊற்றுவர். அதற்குச் சில மணி நேரம் முன்பு தாம் சோதிக்கும் சாற்றை ஊற்றியிருப்பர். செல்கள் பிழைத்தால் சாறு காக்கிறது என்று எழுதுவர். சாற்றிலுள்ள பொருள் செல்லுக்குள் புகாமலேயே, வெளித் திரவத்திலேயே பெராக்சைடை முறித்திருக்கவும் கூடும். குடலைக் கடந்து, கல்லீரலை அடைந்து, அங்கே தேவையான அளவு தங்குமா என்ற கேள்விக்குத் தட்டில் இடமே இல்லை. மஞ்சளின் குர்க்குமின் இதற்குச் சான்று: தட்டில் அற்புதம் செய்யும் அளவை இரத்தத்தில் எட்ட, நாளொன்றுக்கு 8 கிராம் விழுங்கினாலும் முடிவதில்லை.

இந்த இடத்தில் நம் மத்ரஸா படிப்பு நமக்குக் கைகொடுத்தது. இப்னு ஸீனா ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பகுதியில் தனி மருந்துகளைப் பேசப் புகுமுன், மருந்தின் குணத்தைச் சோதித்தறிய ஏழு நிபந்தனைகள் வகுக்கிறார். மருந்தில் இடையில் வந்து சேர்ந்த குணம் கலந்திருக்கக் கூடாது. கூட்டு நோயில் அன்றித் தனி நோயில் சோதிக்க வேண்டும். விளைவு தோன்றும் காலத்தைக் கவனிக்க வேண்டும், இல்லையேல் தற்செயலாக நேர்ந்ததை மருந்தின் இயல்பென்று மயங்குவோம். விளைவு எப்போதுமோ பெரும்பாலுமோ தோன்ற வேண்டும் என்கிறார். இறுதியாக, சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும், குதிரையிலோ சிங்கத்திலோ கண்டது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம் என்கிறார். அந்தச் சிங்கத்தின் இடத்தில் இன்று கண்ணாடித் தட்டு இருக்கிறது. கல்லீரலுக்கு உகந்ததென யூனானி மருத்துவர் போற்றும் காசினியைப் பற்றித் தனிச் சிறுநூலே எழுதியவர் அவர். மூலிகைப் பகைவர் அல்லர். ஆயினும் நிபந்தனையைத் தளர்த்தவில்லை.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். கீழாநெல்லி நம் மண்ணின் மருந்து. மஞ்சள் காமாலை என்றாலே நினைவுக்கு வருவது. சென்னையில் தியாகராஜனும் சக ஆய்வாளர்களும் நடத்தி 1988-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட சோதனையில், ஹெப்படைட்டிஸ்-பி கிருமியைச் சுமந்திருந்தவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறிடங்களில் செய்த சோதனைகளில் அவ்விளைவு அவ்வாறு திரும்பவில்லை. ‘பெரும்பாலும் தோன்ற வேண்டும்’ என்ற நிபந்தனையில் அது தடுக்கி நிற்கிறது. ஊர்ப்புறங்களில் வரும் காமாலையில் பெரும்பகுதி, அசுத்த நீரால் பரவும் ஹெப்படைட்டிஸ்; அது பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிவது. மூன்று வாரம் சாறு குடித்தவருக்கு மூன்றாம் வாரத்தில் கண்ணின் மஞ்சள் மறைந்தால், மறைத்தது சாறா காலமா? காலத்தைக் கவனிக்கச் சொன்ன நிபந்தனை இதற்குத்தான்.

மேலை நாடுகளில் பால் முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின் நெடுநாளாகப் புகழ்பெற்றது. அமெரிக்காவில் 154 ஹெப்படைட்டிஸ்-சி நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளிவந்த சோதனையில், வழக்கத்தைவிட மிகுந்த அளவு கொடுத்தும் போலி மாத்திரையைவிட மேலாக அது ஒன்றும் செய்யவில்லை. எனினும் ஐரோப்பாவில் நச்சுக் காளான் உண்டவர்களுக்கு அதன் கூறொன்றை நரம்பில் ஏற்றுவது உண்டு. அங்கே அது பொறியணைப்பானாக அன்று, காளானின் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாயிலை அடைக்கும் பூட்டாகவே முதன்மையாக வேலை செய்கிறது.

வைட்டமின்-ஈ இவற்றினும் நன்றாகத் தேறியது. மது அருந்தாதவர்க்கும் வரும் கொழுப்புக் கல்லீரல் அழற்சியில், சர்க்கரை நோய் இல்லாத பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 800 அலகு வீதம் 96 வாரங்கள் கொடுத்த சோதனை 2010-இல் வெளியானது. மருந்து பெற்றோரில் 43 விழுக்காட்டினருக்கும் போலி மாத்திரை பெற்றோரில் 19 விழுக்காட்டினருக்கும் அழற்சி குறைந்தது. தழும்பு மட்டும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆனால் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த வேறொரு சோதனையில், நெடுநாள் 400 அலகு உண்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்று 17 விழுக்காடு கூடுதலாகக் கண்டது 2011-இல் வெளிப்பட்டது. ஃபின்லாந்தில் புகைபிடிப்போருக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தபோது நுரையீரல் புற்று கூடியதை 1994-லேயே கண்டிருந்தனர். சமனைக் காக்கத் தட்டில் ஒரு பக்கம் எடை வைத்துக்கொண்டே போனால் அப்பக்கமே தாழ்ந்துவிடும் என்பதற்கு இவை சான்று. மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு. விமான நிலையக் கடையில் வாங்கி நாமே விழுங்குவது வேறு.

சில ‘காப்பு’களோ கல்லீரலையே தாக்கியிருக்கின்றன. பச்சைத் தேயிலைச் சாற்றின் கேட்டசின் 800 மில்லிகிராமுக்கு மேல் மாத்திரையாக உண்டால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-இல் விவரித்தனர், ஒருவர் இறந்தார். அந்தப் பத்தில் ஏழு பேர் ஒரே மரபணு அடையாளம் உடையவர்கள். மஞ்சள் உட்புக மிளகுச் சத்தைச் சேர்த்த மாத்திரைகளும் அவற்றில் இருந்தன. ஆணத்தில் இடும் மஞ்சளுக்கு இவ்வச்சம் வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் சீந்திலை எதிர்ப்பு சக்திக்கென்று உண்டவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளிவந்தது. இவ்வழக்கில் நாம் மருத்துவர்கள் பக்கமே சாய்கிறோம்.

கருஞ்சீரகத்தைப் பற்றி நம் வாசகர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். அதன் எண்ணெயில் தைமோகுவினோன் என்னும் பொருள் இருக்கிறது. எலிகளின் கல்லீரலைப் பல நஞ்சுகளிலிருந்து அது காத்ததாக ஆய்வுகள் பல உண்டு. மனிதரிடம் நடந்தவை சிறியவை. நஞ்சேற்றத்துக்கு மாற்றாக அதனைக் கொடுத்துப் பார்த்தவை அல்ல. ஸஹீஹான நபிமொழி ஒன்று அதனைப் போற்றுவதை அறியாதவர் நம்மில் இல்லை. அம்மொழியின் சொற்கள் பொதுவாக அமைந்திருந்தாலும் குறிப்பது குறிப்பிட்ட வகை நோய்களையே என்று கத்தாபி போன்ற விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கின்றனர். இப்னு ஹஜர் தம் ‘ஃபத்ஹுல் பாரி’யில் அதனை எடுத்தாள்கிறார். ஹதீஸ் பாடத்தில் இதனை ஆண்டுதோறும் நடத்தும் நாம், வார்டு வாசலில் அந்த நண்பரிடம் சொல்லத் தயங்கி நின்றோம். பின்னர் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டார், நாம் அஞ்சிய அளவுக்கு ஒன்றும் நேரவில்லை.

மதுவைத் தொடாத நம் வீடுகளில் இன்று மிகுதியாகக் காண்பது பாராசிட்டமால் நஞ்சன்று, கொழுப்புக் கல்லீரல்தான். அங்கும் மைட்டோகாண்ட்ரியா மிகைக் கொழுப்பை எரிக்கத் திணறிப் பொறி கக்குகிறது. அதற்கென அமெரிக்க மருந்து ஆணையம் ஒப்புதல் தந்த மருந்துகள் இரண்டு: 2024-இல் ரெஸ்மெட்டிரோம், 2025-இல் செமாகுளூட்டைடு. இரண்டும் பொறியணைக்கும் மருந்துகள் அல்ல. கல்லீரலில் சேரும் கொழுப்பைக் குறைப்பவை. உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தாலே அழற்சி தணிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மண்டபத்து விருந்துகளை நினைத்தால் இது எளிய வழியன்று.

மாணவரின் நொதி அளவு ஐந்தாம் நாள் இறங்கத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். புறப்படும்போது மருத்துவர், “வெளியே நின்றவர்கள் கொடுத்த எதையாவது குடித்தாயா?” என்று கேட்டார். கருஞ்சீரக எண்ணெய் இரண்டு கரண்டி என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் கடிந்துகொள்ளவில்லை, மருந்துப் பட்டியலின் அடியில் அதனையும் எழுதி, எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதையும் குறித்துக்கொண்டார். இப்போது எங்கள் விடுதி மருந்துப் பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாத்திரையின் பெயர், உள்ளிருக்கும் பொருள், மில்லிகிராம், எடுத்தவர் பெயர், மணி என்று ஐந்து கட்டங்கள். கடையில் வாங்கிய மாத்திரையையும் அதில் எழுத வேண்டும். அந்தத் தாளில் முதன்முதலில் கோடு போட்டுக் கொடுத்தவர் அந்த மாணவர்தான்.